இப்பிக்கு ஊற்றிய தண்ணீர்

'மன்னர் கால்வாய் வெட்டிய ஆண்டு.' மன்னர் செய்த ஒரு செயலை வைத்துத்தான் ஒவ்வொரு வருடத்துக்கும் பெயர். பாபிலோனிலிருந்து வந்த அரண்மனை ஆள் அந்த வருடத்துக்கு அப்படித்தான் பெயர் அறிவித்துவிட்டுப் போனான். எங்கள் ஊரான லார்சாவில் கால்வாய் வற்றியதும் அதே வருடம்தான். ஆறு எங்களைவிட்டு விலகிப் போய்விட்டது. கோயில் வாசலில் நின்ற கூட்டத்தில் அந்தப் பெயரைக் கேட்டு முதலில் சிரித்தவள் தாரிபாத்தும்.

"எந்த ஊருல வெட்டினாராம்? விசாரிச்சுச் சொல்லுங்கப்பா, குடத்தைத் தூக்கிட்டு வரேன்."

அவள் பீர் விற்பவள். எங்கள் தெருமுனையில் அவள் வீட்டின் முன்னறைதான் கடை. நடுவில் பானை, சுற்றிலும் ஆட்கள், ஆளுக்கொரு நாணல் குழல். உறிஞ்சுவார்கள், சண்டை போடுவார்கள், அவளிடம் திட்டு வாங்குவார்கள். மூலையில் மட்டும் யாரும் உட்காரக் கூடாது.

"எந்திரிடா தடியா! எம்புள்ள நெஞ்சு மேல உக்காந்திருக்க."

அவள் மகன் இப்பி அந்த மூலையில்தான் தரைக்கு அடியில் கிடந்தான். எல்லார் வீட்டிலும் செத்தவர்கள் வீட்டுக்குள்ளேதான் இருப்பார்கள். அவன் செத்த விதம்தான் வேறு. கால்வாயில் வண்டல் வாரும்போது கரை சரிந்து மூடியது. தோண்டி எடுத்தபோது வாய் நிறைய மண். அதைக் கழுவக்கூட விடாமல், பூசாரி அவசரமாகக் காரியத்தை முடித்துவிட்டார்.

ஆகவே அவளுக்குத் தண்ணீர்தான் எல்லாம். தரையிலிருந்து அவனிடம் இறங்கும் ஒரு சுட்டமண் குழாய் உண்டு. அதன் வாயை ஒரு ஓட்டுத் துண்டு மூடியிருக்கும். நிலா மறையும் நாளில் அதை நகர்த்தி, அவன் பெயரைச் சொல்லி, ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்ற ஆளில்லாத ஆவி தெருவில் எறிந்த எச்சிலைப் பொறுக்கித் தின்னும் என்பது எங்கள் ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். எத்தனை பஞ்சம் வந்தாலும் அவள் அந்தக் கிண்ணத்தைத் தவறவிட்டதில்லை.

கிணறுகள் உப்பாயின. பீர் புளித்தது, பிறகு அதுவும் நின்றது. தெருவில் கதவுகளை நிலையிலிருந்து கழற்றிச் சுமந்துகொண்டு ஒவ்வொரு வீடாக வடக்கே கிளம்பியது. கடைசியாகப் போன கழுதைக் கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். தாரிபாத்துமின் மகள் நராம்துமுக்கு நிறைமாதம். புருஷன் முன்னாலேயே கீஷ் நகரத்துக்குப் போய் அங்கே ஒரு குடிசை பிடித்து வைத்திருந்தான்.

"நான் வரலடி. இவனுக்கு யாரு ஊத்துவா?"

"அங்க இருந்தே பேரைச் சொல்லி ஊத்துறேம்மா."

"குழாய் இங்க இருக்கு. அங்க ஊத்துனா கீஷ்காரன் எவனாச்சும் குடிச்சிட்டுப் போவான்."

மகள் அழுதாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்துத்தான் தாய் மனம் இறங்கினாள். போகிறேன், ஆனால் இனி வரப்போகிற மாதங்களுக்கெல்லாம் சேர்த்து இப்போதே ஊற்றிவிட்டுத்தான் வருவேன் என்றாள். வறண்ட ஆற்றுப்படுகையில் குழி தோண்டி, ஊறும்வரை காத்துக் கிடந்து, வழிக்கென்று அவள் சேர்த்த ஒரு சாடி நல்ல தண்ணீர் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

புசூரும் என்ற கழுதைக்காரர் வெளியிலிருந்து கத்தினார்.

"பீர்க்காரம்மா! வெயில் ஏறுது. என் கழுதைக்குக் கோவம் வந்தா உன்னை உட்டுட்டு உன் பானையை மட்டும் தூக்கிட்டுப் போயிரும்."

அவளைக் கூட்டிவர நானும் நராம்துமும் உள்ளே போனோம்.

தரையெல்லாம் தண்ணீர். குழாய் வாய்வரை நிரம்பி வழிந்து, மண் தரையில் ஓடி, எங்கள் காலடியில் ஊறிக்கொண்டிருந்தது. சாடி காலி. அவள் முழங்கை வரை குழாய்க்குள் கையை விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தவை ஒடிந்த நாணல் குழல்கள். அவற்றோடு பார்லி உமி, சக்கை, களிமண்போல் இறுகிப்போன வண்டல். குடிக்க வந்தவர்கள் அவள் பார்க்காதபோது ஓட்டுத் துண்டை நகர்த்தி, ஒடிந்த குழல்களை அதற்குள் செருகியிருக்கிறார்கள். கீழே இருந்தவை மக்கிக் கறுத்திருந்தன. ஒரு கிண்ணத் தண்ணீரை அந்தச் சக்கையே குடித்திருக்கும். தண்ணீர் மேலே தேங்கி நிற்காததால் அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

"அம்மா, எந்திரிம்மா."

"ஒரு சொட்டு எறங்கலடி."

"கொஞ்சமாச்சும் போயிருக்கும்மா…"

"வாய் நிறைய மண்ணோட போனான். அதுக்கு மேல நானும் மண்ணைப் போட்டு அடைச்சிருக்கேன். இத்தன வருசமும் தெருவுல பொறுக்கித் தின்னுருக்கான், நான் இங்க உக்காந்து பீர் வித்திருக்கேன்."

அவள் அழவில்லை. கடைசிக் குழலையும் உருவி எறிந்தாள். குழாயில் தேங்கி நின்ற மிச்சம் ஒரு சத்தத்தோடு கீழே இறங்கியது. அது சேறு. அவள் காதைத் தரையில் வைத்துக் கேட்டாள்.

"இப்பத்தான் வழி தெறந்திருக்கு. இப்பப் போய் எப்படிடி கிளம்புவேன்?"

"ஊத்த எதும்மா இருக்கு? கிணறு பூரா உப்பு!"

"உப்புத் தண்ணி ஊத்துறேன். நீ போ. பேறுகாலத்துக்கு முன்ன போய்ச் சேரு."

நராம்தும் தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். கை சேறாக இருந்ததால் வழுக்கியது. புசூரும் உள்ளே வந்தார், தரையைப் பார்த்தார், குழல்களைப் பார்த்தார். அந்தக் கடையில் வருடக்கணக்காகக் குடித்தவர் அவர். வெளியே போய்க் கழுதைகளை அவிழ்த்தார். தாரிபாத்துமை விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

பாதி வழியில் இருக்கும் நிப்பூரைத் தாண்டுவதற்கு முன்பே நராம்துமுக்குப் பிள்ளை பிறந்தது. தண்ணீர் போதவில்லை. பிள்ளை தங்கவில்லை. வீடில்லாததால் அதைப் பாதையோரம் புதைத்தோம்.

அடுத்த வருடத்தின் பெயரை அறிவிக்க லார்சாவுக்கு யாரும் அனுப்பப்படவில்லை.