ஜெனூபாவின் இரண்டு பிறைகள்

ஜெனூபா தன் நாற்பத்திரண்டு வயதுக்குள் ஒரு தடவைகூடத் தலைப்பிறையைக் கண்டதில்லை. சாய்ந்தமருதில் இது அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியின் தடிப்பு ஏறிக்கொண்டே போனதே தவிர, தூரத்துப் பொருள்களின் ஓரம் கடைசிவரை கரைந்துதான் தெரிந்தது. கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவளுக்கு அது பெரிய குறையில்லை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பரீட்சை வினாத்தாள் என்று வருவதெல்லாம் மூக்குக்கு நேரே வருகிற சாமான்கள். பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியாவிட்டால் என்ன, கூப்பிட்டு ஏற்றுவதற்கு கண்டக்டர் இருக்கிறார்.

பிறை யாரையும் கூப்பிடுவதில்லை. ஷஃபான் மாதக் கடைசியில், அடுத்த நாள் நோன்பு தொடங்குமா என்று அறிய ஊரே மேற்கே பார்த்து நிற்கும்போது, "அந்தா, அந்தத் தென்னைக்கு மேலால, கண்டயா?" என்று யாராவது அவளுடைய தாடையைப் பிடித்துத் திருப்புவார்கள். "ஓம், ஓம், வடிவாத் தெரியுது" என்பாள். ஏழு வயதில் தொடங்கிய பொய் அது. ஒரு வருடம் சொல்லிவிட்டால் அடுத்த வருடமும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

விஞ்ஞானம் படிப்பிக்கிற சுஜித்தா டீச்சர் ஒருநாள் வினாத்தாள் பிரதி எடுக்க வந்து, கதையோடு கதையாக ஒரு விஷயம் சொன்னார். கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டே தொலைநோக்கியில் பார்க்கலாம். திருகைத் திருப்பினால் போதும், அது கண்ணுக்குத் தக்கபடி சரியாகிவிடும். ஜெனூபா மெஷினை நிறுத்திவிட்டு, "திரும்பச் சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

அவள் வரவழைத்த பார்சல் வீட்டுக்கு வந்தபோது கணவன் மஜீட் அதை அப்படியும் இப்படியும் புரட்டிப் பார்த்தான். மஜீட் த்ரீவீல் ஓட்டுகிறவன். ஊர்க்கதை எதுவானாலும் அவனுடைய பின் சீட்டில் ஏறி இறங்காமல் போகாது.

"இதென்ன, கர்ட்டின் கம்பியா?"

"டெலஸ்கோப்."

"நம்மட ஊட்டுல ஆரு சந்திரனுக்குப் போறது?"

"நான்தான். நீங்க சோத்த ஆக்கி வைங்க."

ஷஃபான் இருபத்தொன்பது அன்று கடையை வேளைக்கே பூட்டிவிட்டு வந்து, பின்னேரம் அஸர் தொழுததும் குழாயை மொட்டை மாடியில் ஏற்றி முக்காலியில் பூட்டினாள். சரிபார்க்கப் பள்ளிவாசல் மினாராவை நோக்கித் திருப்பினால், மினாரா தலைகீழாகத் தொங்கியது. பதறிப்போய் விளக்கத்தாளைப் பிரித்தாள். இந்த மாதிரிக் குழாயில் எல்லாம் கவிழ்ந்துதான் தெரியும், பழுது இல்லை என்று அதில் போட்டிருந்தது. வலப்பக்கம் ஓடுகிற மினாராவைப் பிடிக்கக் குழாயை இடப்பக்கம் தள்ள வேண்டியிருந்தது. மினாராவைப் பிடிப்பதும் விடுவதுமாக ஒரு மணித்தியாலம் பழகினாள்.

அந்தி மஃரிபுக்கு முன்னரே மாடிகள் நிறைந்துவிட்டன. மதினி றஹீமா தன் வீட்டிலிருந்து இந்த மாடிக்கே வந்துவிட்டாள். மஜீடின் ராத்தா, கூடப்பிறந்த மூத்தவள் அவள். அந்தத் தெருவில் பிறையை முதலில் காண்கிறவள் என்ற பேரை இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. குழாயை ஓரக்கண்ணால் மட்டும் பார்த்தாள்.

"அல்லாஹ் தந்த கண்ணு போதாதாகா?"

"எனக்குத் தந்தது கொஞ்சம் மங்கல் மதினி."

சூரியன் இறங்கியது. மேற்கே வயல் பக்கம் அறுவடைக்காலம். வெட்டு மெஷின் கிளப்பிய தூசியும் வைக்கோல் எரித்த புகையும் அடிவானத்தில் தடித்த கோடாகக் கிடந்தன. ஜெனூபா கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றியதும் மாடியில் நின்றவர்கள்கூட நிறப்பொட்டுகளாகக் கரைந்துபோனார்கள். குனிந்து, குழாயை மெல்ல மெல்லத் துழாவினாள். நீலம், வெறும் நீலம். திடீரென்று வெளிச்சமான ஒன்று பாய்ந்து வந்து ஓடி மறைந்தது. எதிர்ப்பக்கம் தள்ளித் திரும்பப் பிடித்தாள். திருகைத் திருப்பினாள்.

மெல்லிய, வெள்ளை வெளேரென்ற பிறை. கூர் இரண்டும் கீழே பார்த்தபடி கவிழ்ந்து நின்றது. மினாராவே தலைகீழாகத் தெரிந்த குழாயில் பிறை மட்டும் நிமிர்ந்தா நிற்கும்?

"கண்டுட்டன்! பிறை! அல்லாஹு அக்பர், கண்டுட்டன்!"

அவள் வாழ்க்கையில் அவ்வளவு உரக்கக் கத்தியதில்லை. பக்கத்து மாடிகள் தக்பீர் சொல்லின. எங்கோ ஒரு சீனவெடி வெடித்தது. மஜீட் போனை வாயருகே பிடித்து, நண்பர்கள் குழுவுக்கு, "பிறை கண்டாச்சு! நம்மட மாடில, என்ட பொஞ்சாதி!" என்று குரல் பதிவு போட்டே விட்டான்.

றஹீமா மட்டும் இடுப்பில் கை வைத்தபடி குழாய் நீட்டிய திசையைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள்.

"பிறை எங்கயாம் அவ்வளவு உசரத்துல? அது வெள்ளிகா!"

ஜெனூபா கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். ஓம், மேற்கே உயரத்தில் வெள்ளி நட்சத்திரம் மினுங்கிக்கொண்டிருந்தது. கழற்றிவிட்டுக் குழாயில் பார்த்தாள். பிறை. மாட்டினால் நட்சத்திரம், கழற்றினால் பிறை.

"மதினி, நீங்களே பாருங்க."

றஹீமா குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "யா அல்லாஹ். வெள்ளிக்கும் பிறையா?"

மஜீட் போனில் தேடி வாசித்தான். சந்திரனைப் போலவே வெள்ளியும் தேய்ந்து வளர்கிறதாம், வெறுங்கண்ணுக்குத் தெரியாதாம். பாதி வாசிக்கும்போதுதான் தன் குரல் பதிவு ஞாபகம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டு அதை அழித்தான். உடனே ஒரு கேள்வி வந்து விழுந்தது: "மஜீட் காக்கா, என்னத்த அழிச்சீங்க?"

"பிறை இல்ல! பிறை இல்ல! வெள்ளி!" என்று அவன் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று நாலு பக்கமும் கத்த, மாடிக்கு மாடி சிரிப்பு பரவியது. "ஜெனூபா ராத்தா, எங்களுக்கு நாளைக்கு நோம்பா, சோறா?" என்று கேட்டான் எதிர்வீட்டு இன்ஷாப், பேக்கரி வேலைக்காரன்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உடனே திரும்பக் குழாயிடம் குனிந்தாள். தலைப்பிறை வானத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான். அது தப்பினால் அடுத்த வருடமும் "ஓம், ஓம்" என்றுதான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கு நேர் கீழே, சூரியன் இறங்கிய இடத்துக்கு மேலே, புகைக்கோட்டை ஒட்டித் தேடினாள். ஒரு தென்னை ஓலை கவிழ்ந்து தெரிந்தது. ஒரு மின்கம்பி. சிவந்த புகை. றஹீமாவும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து, "புகைக்குள்ள ஒண்டும் தெரியல்லகா" என்றாள். அடுத்த மாடிகளில் ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள்.

அப்போது குழாய்க்குள் ஒரு பெரிய வளைவு ஏறி வந்தது.

இந்த முறை ஜெனூபா கத்தவில்லை. வெள்ளியின் பிறை சின்னது, துப்புரவாகச் செதுக்கியது. இது குழாயை அடைத்துக்கொண்டு நின்றது, செம்மஞ்சள் நிறம், உள் ஓரம் கடித்த அப்பம் போலப் பிசிறு பிசிறாக இருந்தது. மலைகளாக இருக்கவேண்டும். பிறையின் முதுகில் புகை ஊர்ந்து போனது. கண்ணாடியை மாட்டி அதே திசையில் பார்த்தாள். நட்சத்திரம் எதுவும் இல்லை. கழற்றிப் பார்த்தாள், அங்கேயே இருந்தது. கண்ணாடி இல்லாத தன் கண்ணால், ஓரம் கரையாமல், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இஞ்ச வாங்க" என்று மஜீடின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பாருங்க. கத்தாதீங்க."

எதையும் கத்தியே சொல்கிற மஜீட் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். பிறகு மெதுவாக, "ராத்தா, நீ பாரு" என்றான்.

அவ்வளவுதான். எப்படித்தான் தெரிந்ததோ, படியேறி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இன்ஷாப் வந்ததும் வராததுமாகக் கூட்டத்தை வரிசையாக்கினான். குழாயை விட்டு ஓடும் பிறையை மஜீட் தட்டித் தட்டிப் பிடித்துக் கொடுத்தான். கொழும்பிலிருந்து பிறை அறிவிப்பு இன்னும் வரவில்லை; யாரும் அதற்குக் காத்திருப்பவர்களாகவும் தெரியவில்லை. ஜெனூபா திரும்பவும் பார்க்கலாம் என்று போனபோது, "ராத்தா, லைன்ல வாங்க" என்று இன்ஷாப் மறித்தான்.

"என்ட குழாய்டா!"

"பின்னுக்கு நிக்கிறவங்க ஏசுவாங்க ராத்தா."

வரிசையின் கடைசியில், தண்ணீர்த் தாங்கியடியில், றஹீமா நின்றிருந்தாள். இரண்டாந்தரம் பார்க்க அவளும் காத்திருக்கிறாள்.

"எத்தின வருஷமாப் பிறை பாக்கன், இப்படி ஒரு நாளும் காணல்ல" என்றாள்.

"நான் எப்படியும் ஒரு நாளும் காணல்ல மதினி" என்றாள் ஜெனூபா. "இண்டைக்குத்தான் முதல்."

"என்னகா கதைக்காய்? நான் காட்டக்குள்ள எல்லாம்..."

"சும்மா ஓமெண்டன். நீங்க பாவம், தாடையப் பிடிச்சு அவ்வளவு பாடுபட்டீங்க."

றஹீமா அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கி, நிற்க முடியாமல் தாங்கியடித் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், ஜெனூபாவின் முழங்கையைப் பிடித்து, வரிசையைப் பிளந்துகொண்டு முன்னுக்கு இழுத்துப் போனாள்.

"டேய் இன்ஷாப், தள்ளு! இவள் நாப்பது வருஷமா லைன்ல நிக்காள்!"

வரிசை விலகியது. ஜெனூபா கண்ணாடியைக் கழற்றி மதினியின் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தாள்.