சலோமி சொன்ன சாட்சி

செங்கம் ரோட்டில் வடைக்கடை போட்டுப் பிழைக்கும் சலோமிக்கு, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கும்போதெல்லாம் வேன் டிரைவர் ஜெயசீலனின் முகம்தான் நினைவுக்கு வரும். போன வருஷம் குடித்துவிட்டு ஓட்டி, அவள் மகள் கிரேசி மேல் வண்டியை ஏற்றிக் கொன்றவன் அவன்.

"கடவுள் ஏன் தடுக்கல?" என்று அப்போது அவள் பாஸ்டரிடம் கேட்டாள்.

"மனுஷனுக்கு சுயசித்தம் குடுத்திருக்காரும்மா. யார் கையையும் அவர் புடிக்க மாட்டாரு" என்றார் பாஸ்டர்.

ஜாமீனில் வந்த ஜெயசீலன் இந்த ஞாயிறு சபையில், கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சி சொல்ல எழுந்தான். "அன்னிக்கு வண்டி ஓட்டினது நானில்ல, எனக்குள்ள இருந்த பிசாசு. இப்போ கர்த்தர் என்னை மன்னிச்சிட்டாரு!"

வழக்கம்போல சபையே "ஸ்தோத்திரம்" என்றது.

சலோமி எழுந்து போய் அவன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"பிசாசு மேல பழி போடாதடா. குடிச்சது உன் வாய், ஓட்டினது உன் கை. தினமும் என் கடைய தாண்டித்தான் போற. சட்டி எண்ணெய உன் மூஞ்சில ஊத்தாம என் கைய நானேதான் புடிச்சிக்கினு நிக்கிறேன். கர்த்தர் மன்னிச்சா அது அவர் இஷ்டம். எனக்கும் சுயசித்தம் குடுத்திருக்காரு. நான் மன்னிக்கல."

சபை சொல்லக் காத்திராமல் அவளே உரக்க "ஸ்தோத்திரம்" சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.