என் சங்கிலி ஏறிய கழுத்து

என் ஓரகத்தியின் தாடைக்குக் கீழே வீக்கம் கண்ட அன்று என் கழுத்துச் சங்கிலி போயிற்று. மாமியார் தொட்டுப் பார்த்தவுடனே சொல்லிவிட்டார், பொன்னுக்கு வீங்கி என்று. கழுத்தில் தங்கம் போட்டால் வடியுமாம். வெண்ணந்தூரில் அப்போது எல்லார் வீட்டிலும் அதுதான் வைத்தியம். எங்கள் வீட்டில் சங்கிலி என்று இருந்தது என் அப்பா எனக்குப் போட்ட இரட்டை வடம் ஒன்றுதான்.

“கழட்டிக் குடு புள்ள. வீக்கம் வடியற மட்டும் அவ போட்டிருக்கட்டும்.”

“ஏனுங்க அத்தை, என்னோடதுதான் கெடச்சுதுங்களா?”

“உனக்கென்ன, கல்லாட்டம் இருக்கறே!”

கல்லாம்! மூத்தவள் அவருடைய அண்ணன் மகள், நான் அசலிலிருந்து வந்தவள். அவளுக்கு ‘சாமி, கஞ்சி குடி’, ‘சாமி, செத்த படுத்துக்கோ’. எனக்கு வெறும் ‘புள்ள’. கீரை விற்க வருகிறவளைக்கூட சாமி என்று கூப்பிடுகிற வாய் அது. எனக்கு மட்டும் அந்தச் சொல் வரவில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

வீக்கம் வடியவில்லை. வலியும் இல்லை. அக்குளில் இன்னொன்று கிளம்பியது. அவள் வெளுத்துப் போய் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினாள். அவள் புருஷன் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன், துணைக்கு என்று சொல்லிக்கொண்டு. உண்மையில் சங்கிலிக்குக் காவலாகத்தான் போனேன்.

நெஞ்செலும்பில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் புற்று என்றார் டாக்டர். “மெதுவா வளர்ற வகைம்மா. எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே வருஷக்கணக்கா கெடக்கும். இப்படி வெளியே வந்து கட்டியா நிக்கறது ரொம்ப அபூர்வம்.” சின்ன டாக்டர்கள் கூட்டமாக வந்து அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். அடேயப்பா, நோயிலும் இவளுக்குத்தான் அபூர்வம் வாய்த்திருக்கிறது என்று நினைத்தேன்.

ஊசிக்காகக் கழற்றிய சங்கிலியை நான் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாமியார் வாசலிலேயே கையை நீட்டினார்.

“பொன்னுக்கு வீங்கி இல்லீன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க அத்தை.”

“அவரு சொன்னாச் சொல்லட்டும். கழட்டு.”

அவர் கை நீட்டியபடியே நின்றது. கொடுத்தேன்.

அடுத்த தையில் அவள் போய்விட்டாள். கருமாதி முடிந்த அன்று மாமியார் சங்கிலியைப் பூந்திக்கொட்டை நீரில் கழுவி என் கழுத்தில் போட்டார். போட்டவர் கையை எடுக்கவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் என் தாடைக்கு அடியில் அழுத்தி அழுத்தித் தேடினார்.

“எங்கயும் வீங்கலியே சாமி? சொல்லு சாமி.”

“இல்லீங்க அத்தை” என்றேன். அழுதுவிட்டேன். எத்தனை வருஷமாக ஏங்கின சொல்! இனி அது எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன், வெட்கம் இல்லாமல்.

மறுநாள் காலையில் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “சாமி, கஞ்சி ஆறுது, வா.”

கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். மாமியார் மூத்தவளின் வட்டிலில் கஞ்சி ஊற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு வட்டிலைப் பார்த்தார்.

“நீயா புள்ள” என்றார்.