மிதிக்காமல் ஓடிய சைக்கிள்: பீர்க்கன்கரணை முதல் மணிமங்கலம் வரை ஓர் ஏரிச் சுற்று

தாம்பரம் பக்கம் ஏரிகளைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் ஓட்ட ஒரு வழி சொல்லுங்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். சோம்பலில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன டிசம்பரில் மழை விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை அதற்கு நேரம் வந்தது. ஏரிகள் நிரம்பி வழிகின்றன என்று தெருவெல்லாம் ஒரே பேச்சு. நிரம்பின ஏரியைப் பார்க்க எல்லோருக்கும் ஆசைதான். எனக்கு அதைவிட, வழிகிற தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்று பார்க்க ஆசை. வீட்டில் குழாய் ஒழுகினால்கூட ஈரம் எந்த மூலைக்குப் போகிறது என்று குனிந்து பார்க்கிற ஆள் நான்.

அன்று என் கணவர் நஸீரும் கூட வந்தார். இது அதிசயம். அவர் தாம்பரத்தில் அலுமினிய ஜன்னல், கதவு செய்து மாட்டும் கடை வைத்திருக்கிறார். சைக்கிளை விட்டுப் பல வருடம் ஆகிறது. வந்ததற்குக் காரணம் ஏரி இல்லை, வீடு. மணிமங்கலத்திலிருந்து முடிச்சூர் திரும்பும் வழியில் ஒரு புது வீடு பார்த்து வைத்திருந்தோம். கீழ்த்தளம், பக்கவாட்டில் பட்டறை போட இடம். மறுநாள் திங்கட்கிழமை முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு. வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். எங்களுக்கு வீட்டைப் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுசு போய்விட்டது. பீர்க்கன்கரணை மாடி வாடகை வீட்டில் அவருடைய அலுமினியக் கம்பிகள் கட்டிலுக்கடியில்தான் தூங்குகின்றன. அதனால் இந்த வீடு என்றால் அவருக்கு உயிர். "அந்தத் தெருவுல சைக்கிள்ல ஒரு ரவுண்டு வந்தாத்தான் நம்ம ஏரியான்னு தோணும்," என்று நண்பரிடம் ஒரு கியர் சைக்கிளை இரவல் வாங்கி வந்துவிட்டார்.

காலை 5.40க்குக் கிளம்பினோம். என்ன உடை என்று பெண் வாசகர்கள் கேட்பதால் சொல்லிவிடுகிறேன்: தளர்ந்த சட்டை, கணுக்காலில் இறுக்கமான பேண்ட், மெல்லிய முக்காட்டின் மேல் ஹெல்மெட். ஒரு சிரமமும் இல்லை. ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் வரை நாலு கிலோமீட்டர். விடியும் முன்னே போனால் சாலை நமக்குத்தான். உயிரியல் பூங்காப் பக்கம் சிங்கம் உறுமுவது கேட்கும் என்று நஸீரிடம் ஆசை காட்டியிருந்தேன். கேட்டது மயில் மட்டும். "இதுக்கா இவ்ளோ பில்டப்பு?" என்றார்.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் சாலையில் மேற்கே திரும்பினால் மண்ணிவாக்கம் தாண்டிப் படப்பை. அகலமான சாலை. ஆனால் ஒரகடம் போகும் லாரிகள் உரசுகிற மாதிரி வரும். இடது ஓரத்தை விடாதீர்கள், பின்விளக்கை அணைக்காதீர்கள். ஏழு மணிக்குப் படப்பையில் இட்லி, வடை, டீ. இரண்டு பேருக்கும் சேர்த்து 130 ரூபாய். நஸீர் நாலாவது வடையைத் தொட்டபோது முறைத்தேன்.

படப்பையிலிருந்து வடக்கே மணிமங்கலம் போகும் சாலைதான் இந்தச் சுற்றின் அழகு. ஆறேழு கிலோமீட்டர் தூரத்துக்கு லாரி குறைவு, நாற்று நட்ட வயல், நடுநடுவே மனைப்பிரிவுக் கொடி. மணிமங்கலம் ஏரி முதலில் கண்ணில் படாது, கரை மறைத்துக்கொள்ளும். சைக்கிளைத் தோளில் தூக்கி மேலே ஏறினால், அம்மாடி! எதிர்க்கரை தெரியாத தண்ணீர். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கலங்கல் பக்கம் நல்ல கூட்டம். கலங்கல் என்றால், ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து இறங்கக் கட்டிய தாழ்ந்த சுவர். பைக்கில் குடும்பம் குடும்பமாக வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வலையை விரித்து மீனுக்குக் காத்திருந்தார். அவரிடம் என் கேள்வியைக் கேட்டேன்.

"இந்தத் தண்ணி எங்கண்ணா போகுது?"

"அடையாத்துக்குத்தான் போவுது."

"நடுவுல என்ன இருக்கு?"

"நடுவுல இன்னா கீது, வூடுங்கதான் கீது," என்று சொல்லிவிட்டு வலையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கெண்டை துள்ளியது.

நஸீர் அதைக் காதில் வாங்கவில்லை. வஞ்சிரம் தவிர வேறு எதுவும் அவர் கணக்கில் மீனே இல்லை.

மணிமங்கலத்திலிருந்து கிழக்கே திரும்பியதும் எதிர்க்காற்று. டிசம்பரில் இந்தப் பக்கம் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். போகும்போது தள்ளிவிட்டதை வரும்போது வட்டியோடு வசூலிக்கும். நஸீர் மிதிக்க மிதிக்க முனகினார். சைக்கிளைக் கொடுத்த நண்பரைத் திட்டினார், நாலு வடையைத் திட்டினார், கடைசியில் என்னையும். அப்போதுதான் நாங்கள் பார்த்த வீட்டுக்குப் போகும் தெரு வந்தது. தெருவின் பெயரையும் ஊரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. அங்கே குடியிருப்பவர்களும் நாளைக்கு வீட்டை விற்க வேண்டியவர்கள்தானே.

தெற்கே போகிற தெரு, புதுச் சிமெண்ட் சாலை, கண்ணுக்குப் பலகை போல மட்டமாக இருந்தது. உள்ளே திரும்பியதும் நஸீர் மிதிப்பதை நிறுத்திவிட்டார். சைக்கிள் நிற்கவில்லை. மெதுவாக, ஒரே சீராக, பத்துப் பன்னிரண்டு வீடு தாண்டி, நாங்கள் பார்த்த வீட்டு வாசலில் போய் நின்றது.

"ஷாகிரா, பாத்தியா! நம்ம வூடுன்னதும் வண்டி தானா வந்துகினு கீது!" என்று கத்தினார். நம்பவே முடியவில்லை அவருக்கு. திரும்பிப் போய் மறுபடியும் அதே மாதிரி காலைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து வயது மனிதர். "மாஷா அல்லாஹ், ராசியான எடம்!"

இரண்டாம் தடவை நான் அவர் பின்னாலேயே வந்தேன். மிதிக்காமல் உருண்டால் பின்சக்கரம் டிக் டிக்கென்று சத்தம் போடும். என் சக்கரமும் அந்தச் சத்தத்தை விடவே இல்லை. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாத சரிவு காலுக்குத் தெரியும். காலையில் கேட்ட கேள்விக்கு என் கால் பதில் சொல்லிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். போன தடவை வந்தபோது, "தண்ணி நிக்குமாக்கா?" என்று அவரிடம் கேட்டிருந்தேன். "ச்சேச்சே, அதெல்லாம் கெடையாதும்மா," என்றிருந்தார். இப்போது வேறு மாதிரி கேட்டேன்.

"அக்கா, உங்க ஈபி மீட்டர் பெட்டி ஏன் இவ்ளோ உயரத்துல இருக்கு?"

அவர் அண்ணாந்து பெட்டியைப் பார்த்தார். அப்புறம் தெருவைப் பார்த்தார். "பசங்க கைய வெச்சிடும்னு..." என்றார். அவருடைய பையன் அங்கேயே மீசையோடு பைக் துடைத்துக்கொண்டிருந்தான். திறந்த ஜன்னல் வழியே இன்வெர்ட்டர் பேட்டரியும் தெரிந்தது. அது பரணுக்குப் பக்கத்தில் இருந்தது. போன தடவை இதையெல்லாம் பார்த்துவிட்டு, என்ன திட்டமிட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டவள் நான்தான்.

அந்த அக்கா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வீட்டு விலையும் அந்த ஒரு பதிலில்தான் தொங்குகிறது. "டீ குடிச்சிட்டுப் போங்கம்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது.

நஸீர் பட்டறை வரப்போகும் இடத்தைச் சாணால் அளந்துகொண்டிருந்தார். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"ஏங்க, நீங்க மிதிக்காமத்தானே வந்தீங்க? தண்ணியும் அப்படித்தான் வரும்."

முகம் மாறிவிட்டது. "நல்ல காரியத்துல வாய வெக்காத. காத்துதான் பின்னாலேந்து தள்ளுது. வடக்கேந்துதான அடிக்குது?"

அதில் நியாயம் இருந்தது. "அப்போ அந்தக் கோடிக்குப் போயி, எதிர்க்காத்துல வாங்க. நிக்குதா பாப்போம்," என்றேன். "ஒரு ஜன்னல் மாட்டுறதுக்கே மட்டமா இருக்கான்னு ரசமட்டம் வெச்சுப் பாக்குற ஆளு நீங்க."

கோபத்தோடு தெருவின் தெற்குக் கோடிக்கு மிதித்துக்கொண்டு போனார். அங்கே திரும்பி, காலைத் தூக்கினார். நான் வாசலில் நின்று, அந்தச் சைக்கிள் நடுவிலேயே நின்றுவிட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். நிற்கவில்லை. காற்றை எதிர்த்துக்கொண்டு, ஆமை மாதிரி ஊர்ந்து வந்து, அதே வாசலில் நின்றது. இரண்டு பக்கமிருந்தும் அதே வாசல். நஸீர் இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு வீட்டையே பார்த்தார்.

"எங்கேந்து வந்தாலும் இங்கதான் நிக்கும், இல்ல?" என்றார். தண்ணீரைச் சொன்னார்.

தெருவை விட்டு வெளியே வரும்போது மிதிக்க வேண்டியிருந்தது. முடிச்சூர் சாலையில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, புரோக்கருக்குப் போன் போட்டார். எதிர்முனையில் பேசியது எனக்கே கேட்டது: இன்னொரு பார்ட்டி ரெடியாக இருக்கிறதாம், அப்புறம் வருத்தப்படக் கூடாதாம்.

"சரிண்ணே," என்றார் நஸீர். "அவங்கள ஒருவாட்டி சைக்கிள்ல வந்து பாக்கச் சொல்லுங்க."

வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புழுதி என்றார். மழை விட்டு இரண்டு நாள், எங்கே புழுதி? நானும் ஆமாம் என்றேன்.

வீடு வந்து சேர 10.15 ஆனது. மொத்தம் 41 கிலோமீட்டர். இந்தச் சுற்றைப் போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர், ஜனவரி சரியான காலம். இதே திசையில் சுற்றினால் வெயில் ஏறும்போது எதிர்க்காற்று வரும். அதனால் ஆறு மணிக்கு முன்பே கிளம்புங்கள். மெல்லிய டயர் என்றால் கூடவே ஒரு டியூப் அவசியம். படப்பைக்கும் முடிச்சூருக்கும் நடுவில் சைக்கிள் கடை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. தண்ணீர் இரண்டு பாட்டில். கரைமேல் சைக்கிளை ஓட்ட வேண்டாம், மழைக்குப் பின் மண் இளகியிருக்கும். சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து எங்கள் செலவு 180 ரூபாய். இன்னும் நீளமாக வேண்டுமானால் மணிமங்கலத்திலிருந்து சோமங்கலம் வழியாகக் குன்றத்தூர் போய்ப் பல்லாவரம் பக்கமாகத் திரும்பலாம். வீடு வாங்கப் போகிறவர்கள், காரில் போய்ப் பார்க்காதீர்கள். காருக்கு எல்லாத் தெருவும் மட்டம்தான்.

நாங்கள் இன்னும் அதே மாடி வீட்டில்தான் இருக்கிறோம். இரவல் சைக்கிளை நஸீர் விலைக்கே வாங்கிவிட்டார். போன ஞாயிறு குன்றத்தூர் மலைக்கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தெருவில் ஏறப் பார்த்து, பாதியில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். சட்டை நனைந்திருந்தது, மூச்சு வாங்கியது.

"செம மேடு, ஷாகிரா. உசுரே போவுது," என்றார்.

முகமெல்லாம் சிரிப்பு. எந்த வீட்டு வாசலிலாவது விற்பனைக்கு என்று பலகை தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே தள்ளினார்.