கைப்பிடியில் ஒரு சறுக்கல்

பழைய பண்ணை வீட்டை நினைவுச் சின்னமாக்கிய நாளிலிருந்து அதைப் பெருக்கித் துடைப்பது அவள்தான். மாடிப்படியின் மரக் கைப்பிடியை மெழுகு பூசித் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தாள். பேரன் பேத்தி எடுத்தவள்தான், ஆனாலும் அதைப் பார்த்தால் கால் பரபரக்கும்.

ஒரு விடுமுறை நாளில் ஆள் அரவமே இல்லை. துடைக்கும் துணியையும் வாளியையும் ஓரமாக வைத்துவிட்டு, மாடிக்குப் போய்க் கைப்பிடிமேல் ஏறி உட்கார்ந்தாள். சர்ரென்று வழுக்கி வந்தவள், ஆபீஸ் அறையிலிருந்து வெளிப்பட்ட மேனேஜரம்மா மேல் மோத, இருவரும் உருண்டார்கள். வேலை போச்சு என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மேனேஜரம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டினார். "வாசக் கதவு பூட்டியிருக்காக்கா?"

"பூட்டித்தாம்மா இருக்கு."

"அப்ப கொஞ்சம் தள்ளுங்க."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேனேஜரம்மா மாடிக்கு ஓடினார். சாயங்காலம்வரை மாறி மாறிச் சறுக்கியதில், சிரித்துச் சிரித்தே இருவருக்கும் வயிறு புண்ணாகிவிட்டது.