குவிரின் வாயில் விழாத பெயர்

கொர்பீனியன் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். ஒற்றைத் தள்ளுவண்டியில் ஆற்றுச் சரளை அள்ளத் தொடங்கி, இன்று பதினொரு லாரிக்கு முதலாளி. யார் தயவும் கிடையாது. எல்லாம் சொந்த முதுகெலும்பு. அவர் கொட்டிய ஜல்லியை மிதிக்காத கால் இந்தப் பவேரிய மலையடிவாரத்தில் இல்லை.

ஒன்றுதான் வாய்க்கவில்லை. பனி உருகாத, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலத்தில், ஒரு ஞாயிறு மதியம், ஊர் மண்டபத்தில் கறுப்பு பீர்ப் பீப்பாயைத் திறப்பார்கள். சாதாரண பீர் இல்லை. இரண்டாவது குவளையிலேயே முழங்கால் சொன்ன பேச்சுக் கேட்காது. அன்று கூரை வேய்கிற குவிரின் துறவி வேடம் கட்டி, பெரிய மனிதர்களை மேடையிலிருந்து வாங்கு வாங்கென்று வாங்குவான். அவன் வாயில் விழுந்தவன்தான் ஊரில் ஆள். முப்பது வருஷமாகக் கொர்பீனியன் விழவில்லை.

போன இலையுதிர் காலத்தில் தன் வீட்டு வாசலில் இரண்டு கல் சிங்கம் வைத்து, தங்க முலாம் பூசினார். "பூனைக்கு மஞ்சள் காமாலையா முதலாளி?" என்று கேட்ட டிரைவரை அன்றே வேலையை விட்டுத் துரத்தினார். சம்பளம் வாங்குகிறவன் சொல்வது வேறு, மேடையில் சொல்வது வேறு அல்லவா?

"இன்னிக்குச் சிங்கம் தப்பாது பாரு," என்றார், இந்த வருஷப் பீப்பாயைத் திறந்ததும், மனைவி புர்க்லிடம்.

"மொதல்ல நீங்க குடிக்கிறத மெதுவா குடிங்க," என்றாள் அவள்.

குவிரின் மேயரைப் பிடித்தான். "டேய் மேயரு, பாலம் கட்டினே, சரி. ஆறு எந்தப் பக்கம்னு யாராவது சொன்னாங்களா?" மண்டபம் அதிர்ந்தது. மேயர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அடுத்து, நம்ம கொர்பீனியன் ஐயா..."

அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"மண்டபத்து வாசலுக்கு இலவசமா ஜல்லி கொட்டிக் குடுத்தாரு. நம்ம நன்றி."

அளவான கைதட்டல். அவன் தபால்காரனுக்குத் தாவிவிட்டான்.

இடைவேளையில் மேடைப் படியருகே அவனை மடக்கினார். "என்னடா குவிரின், சிங்கம் கண்ணுல படலியா?"

"நல்லாத்தானே இருக்கு, ஐயா."

"பொய் சொல்லாத. மேயரை மட்டும் அந்தக் கிழி கிழிக்கிறே?"

குவிரின் அங்கியின் கயிற்றை முறுக்கினான். "மேயர் என்னை என்ன பண்ணிடுவாரு? என் மவன் உங்க லாரியத்தானே ஓட்டுறான்."

கொர்பீனியன் அவனைத் தள்ளிவிட்டு மேடையேறிக் கையை உயர்த்தினார். "என்னையும் பாத்துச் சிரிங்கய்யா! யார் வேலையும் போகாது!"

தூக்கிய குவளைகள் மேசைக்கு இறங்கின. முன்மேசையில் அவருடைய மேஸ்திரி முதலில் சிரித்தான். உடனே டிரைவர்கள், அவர்கள் பெண்டாட்டிகள், பிறகு எல்லோரும், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள். அவர் கையைத் தாழ்த்தியதும் நிறுத்திக்கொண்டார்கள்.