வெறும் வயித்துல நான் யோக்கியன்

டீ மாஸ்டர் வேலைல ஒக்காந்து சம்பாரிச்சவன் ஒருத்தனும் கெடையாது. நாள் பூரா நின்னு பொழைக்கிற என் ஜாதிக்காரங்களே, கால கொஞ்சம் மாத்தி வெச்சிக்கினு கேளுங்க.

பல்பு கலரு

லிங்கராஜபுரம் பஸ் ஸ்டாப்பாண்ட நம்ம கடை. தொண்ணூத்தி ஏழுன்னு நெனைக்கிறேன். அப்போ எனக்கு சாராய பாக்கெட்டு, பல்லு வெளக்குற மாதிரி தெனம். வயிறு உப்பிக்கினே வந்துச்சி. மொதலாளி களை வந்துடுச்சின்னு குஷியா இருந்தேன்.

ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பாக்குற ஸ்டெல்லா சிஸ்டர் தெனம் காலைல டீக்கு வருவாங்க. அன்னிக்கு கிளாஸ வாங்கிக்கினு என் மூஞ்சியவே பாத்தாங்க. "இன்னா சிஸ்டர், அவ்ளோ அழகாவா கீறேன்?"ன்னேன். "மாஸ்டர், உங்க கண்ணு கடை பல்ப விட மஞ்சளா இருக்கு, அடுப்ப அணைச்சிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுங்க!"

காயிதம்

லிவரு காஞ்சி போச்சின்னாங்க. அன்னியோட பாக்கெட்ட வுட்டேன். ரெண்டு வருசம் ஒழுங்கா ஓடிச்சி. அப்பறம் ஒரே தாகம். நாலு டீ ஆத்துறதுக்குள்ள ரெண்டு தபா ஒண்ணுக்கு ஓட்டம். "சுகரு வந்துட்ச்சி மாஸ்டர்"னு ஆளாளுக்கு ஜோசியம் சொன்னானுங்க. வெறும் வயித்துல போயி டெஸ்ட் பண்ணேன். நார்மலு! அந்தக் காயிதத்த வெலை போர்டு பக்கத்துலயே ஒட்டிட்டேன்.

ஸ்டெல்லா சிஸ்டர் படிச்சிட்டு சிரிச்சாங்க. "வெறும் வயித்துல எல்லாரும் யோக்கியன்தான். சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சி வாங்க." போனேன். மாட்டிக்கினேன். அப்பன் ஆத்தா யாருக்குமே சுகரு இல்லியே, எனக்கு எப்டி டாக்டர்னு அழுவாத கொறையா கேட்டேன். "சாப்பிட்ற சக்கரைய வாங்கி அடுக்குற குடோனே லிவர்தான்பா; குடோன் இடிஞ்சா மூட்டை ரோட்டுலதான் கெடக்கும், அதுக்காக பட்டினி மட்டும் கெடந்துடாதே!"

ஒரே ஒரு வாயி

மாத்திர போட்டேன். சோத்த கொறச்சி ராகி முத்தைக்கு, அதான் கேப்பங்களி உருண்டைக்கு, மாறினேன். எனக்குன்னு ஒரு டீ கூட போட்டுக்கல. ஆனா சாப்ட்டப்பறம் பாக்குற சுகரு எறங்கவே இல்ல. "இப்டியே போனா கண்ணு, கிட்னி எதுவும் தங்காது. சக்கரை நடுவுல நிக்காதே, டீக்கடைய வுட்டுடு"ன்னுட்டாரு டாக்டர். வுட்டுட்டு? கையெழுத்தே தகராறு புடிச்ச எனக்கு எவன் ஆபீஸ் வேலை குடுப்பான்? வூட்ல படிக்கிற பொண்ணுங்க ரெண்டு.

ஸ்டெல்லா சிஸ்டர் ஒரு நாள் லீவ போட்டுட்டு, கடை பெஞ்சில ஒக்காந்து என்னையே பாத்துக்கினு இருந்தாங்க. நான் என் போக்குல டீ கொதிக்க வெச்சி, சக்கரை கொட்டி, கரண்டில ஒரு வாயி ருசி பாத்துட்டு வடிகட்டுவேன். மாஸ்டர்னா அதான பழக்கம்! அவங்க வெரல மடக்கிக்கினே வந்து, ரெண்டு கை வெரலும் தீந்ததும் எழுந்தாங்க. "இது ருசி பாக்குறதில்ல மாஸ்டர், தவணை மொறைல சக்கரை துண்றது!"

டூட்டி

ருசி பாக்காத டீ எப்டி விப்பேன்? கரண்டில மொண்டு வாய்கிட்ட கொண்டாந்து நிறுத்திட்டேன். ஸ்டாண்டுல ஆட்டோ ஓட்ற மஞ்சுநாத்து எல்லாத்தயும் கேட்டுக்கினு இருந்தான். விடுவிடுன்னு வந்து கரண்டிய புடுங்கி ஊதி ஊதிக் குடிச்சான். "ஸ்வல்ப சக்கரெ கம்மி"ன்னான் கன்னடத்துல, சக்கரை கொஞ்சம் கொறையுதாம். போட்டேன். மறுநாள்லருந்து ஒவ்வொரு தபா கொதிக்க வெக்கிறப்பவும் ஒரு ஆட்டோக்காரன் வந்து நிப்பான். மூணு மாசத்துல சுகரு எறங்கிச்சி, டாக்டரும் "கடைய நடத்து"ன்னுட்டாரு. மஞ்சுநாத்து கைய புடிச்சிக்கினு அழுதுட்டேன். அவன் கைய உருவிக்கினு சொன்னான்: "ஏன் குரு அழுவுற? நீ பொழைச்சி கெட, நாக்கு நாங்க குடுக்குறோம்."

லிவரு என்னை கை வுட்டாலும் கஸ்டமருங்க வுடல, அதுல பாதிப் பேரு ருசி பாக்குற சாக்குல இன்னும் முழு கிளாஸு அடிச்சிக்கினுதான் கீறானுங்க, நல்லா இருக்கட்டும்.